விசாரணை ஜன்னல்

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உங்கள் அண்ணன் போய் இன்றோடு பதினோரு நாள். தொலைபேசியில் பேசினால் இருவருக்கும் குரல் ஏறிவிடும் என்று பயந்து எழுதுகிறேன்.

வீட்டில் கூட்டம் இன்றுதான் கொஞ்சம் குறைந்தது. வந்தவர்களில் பாதிப் பேரை எனக்கு யாரென்றே தெரியாது. ஆனால் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருக்கிறது. ஒரு பேருந்து நடத்துனர் சீருடையோடு வந்தார். தோள் பையிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவர் கால்மாட்டில் வைத்தார். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு போய்விட்டார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள்தானோ என்று. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவருடைய மேக்கப்காரர் தினமும் காலையில் வந்து கூடத்தில் உட்கார்கிறார். நேற்று, "முப்பது வருஷமா இந்த ஒரு மூஞ்சியில மீசை ஒட்டினேன் அண்ணி. இனிமே யாருக்கு ஒட்டுறது" என்றார். "உங்க மூஞ்சியிலேயே ஒட்டிக்கோங்க, அங்கதான் வெறிச்சோடிக் கிடக்கு" என்றேன். சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு இருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மார்ச் முப்பதாம் தேதி நடிகர் சங்கக் கூடத்தில் நினைவுக் கூட்டம். அன்று அவருக்குப் பரிசு வாங்கிக்கொடுத்த அந்தப் படத்தையும் போடுகிறார்கள். ஒரு நினைவு மலரும் வருகிறது. அதில் உங்களுக்கு ஒரு பக்கம் கேட்டு வைத்திருக்கிறேன். சின்ன வயதில் அவர் எப்படி இருந்தார் என்று எழுத இப்போது நீங்கள் ஒருவர்தான் மிச்சம். மாமாவின் புகைப்படம் ஒன்றும் வேண்டும். பேருந்து நிலைய விசாரணை ஜன்னலில் அவர் உட்கார்ந்திருக்கும் படம் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்குமே, அதுதான்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தனியாக இருப்பவர், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 3

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நலமா என்று உங்களைக் கேட்கும் நேரம் இதுவல்ல. நான் நலம் என்று சொன்னாலும் தவறாகத்தான் இருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் எழுத மாட்டேன். அப்பாவின் படத்தையும் தர மாட்டேன்.

உங்கள் கணவர் நல்ல நடிகர். அதை நான் மறுக்கவில்லை. முப்பது வருடம் தபால்காரராக, வாத்தியாராக, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழும் தகப்பனாக வந்து எல்லார் வீட்டிலும் ஒரு ஆளாகிவிட்டார். எங்கள் வீட்டில் மட்டும் இல்லாமல் போய்விட்டார். செய்தியை நானும் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ஊர்வலத்தில் ஆயிரம் பேர் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எல்லா அட்டையிலும் ஒரே வாசகம்: "போயிடலாம், நேரம் இருக்கு."

அது யாருடைய வாசகம் என்று அந்த ஆயிரம் பேரில் ஒருவருக்காவது தெரியுமா? முப்பத்தைந்து வருடம் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, பேருந்தைத் தவறவிட்டோமோ என்று ஓடிவந்தவர்களுக்கு என் அப்பா சொன்ன வார்த்தை அது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது, பென்சிலால் ஜன்னல் பலகையில் இரண்டு தட்டு தட்டுவது, மனப்பாடமாகத் தெரிந்த நேரத்தைக்கூடச் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டே சொல்வது, எல்லாம் அவருடையது. உங்கள் கணவர் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்த் திரையில் போட்டு நாட்டையே சிரிக்க வைத்தார். ஒரு பரிசும் வாங்கினார்.

பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கு ஒருவேளை மறந்திருக்கும், எனக்கு மறக்காது. படம் வந்த மறுவாரத்திலிருந்து தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று, "பெரியவரே, போயிடலாமா?" என்று கத்தினான். அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டார். ஐந்தாவது மாதம் செத்துப்போனார். மருத்துவர் மாரடைப்பு என்று எழுதினார். நான் அவமானம் என்று எழுதியிருப்பேன்.

சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்: "அப்பாவை வித்துத் தின்னியே, செரிச்சுதா?" உங்கள் கணவர் வாயைத் திறக்கவில்லை. பதில் இருந்தால் அல்லவா திறப்பார்.

எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு ஜூன் மாதமும் புது மாணவர்கள் வருவார்கள். இரண்டு வாரத்தில் நான் யாருடைய தம்பி என்று தெரிந்துவிடும். கரும்பலகை பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து மேசையில் இரண்டு தட்டு. "போயிடலாம் சார்." துறைத் தலைவர் பதவிக்கு என்னைத் தாண்டி, என்னைவிட ஆறு வருடம் இளையவனைப் போட்டார்கள். தேர்வுக் குழுவில் ஒருவர் நேர்காணலை ஆரம்பித்ததே அந்தப் படத்தைப் பற்றித்தான்.

நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. இனியும் பார்க்க மாட்டேன்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கேட்டதற்கு நன்றி.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் வரவில்லை. உங்கள் அண்ணன் இருந்திருந்தால், "பாத்தியா, சின்னவன் எப்படி எழுதுறான்னு. இவன் எனக்கு வசனம் எழுதியிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்" என்று சொல்லியிருப்பார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நிஜமாகவே நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லையா? போகிற போக்கில்கூட? முழுவதுமாக ஒருமுறைகூட இல்லையா?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்தப் படம் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தொலைக்காட்சியில் வரும். அன்றைக்கு உங்கள் அண்ணன் எந்தப் படப்பிடிப்புக்கும் போக மாட்டார். யார் கூப்பிட்டாலும் உடம்பு சரியில்லை என்பார். கூடத்து மூலையில் தரைவழித் தொலைபேசி இருக்கிறதே, அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். படத்தைப் பார்க்க மாட்டார். தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். படம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, "இன்னிக்கும் பாக்கல போலிருக்கு" என்பார். எல்லாரும் கைபேசிக்கு மாறிய பிறகும் அந்தத் தொலைபேசியை எடுக்க விடவில்லை. "சின்னவனுக்கு இந்த நம்பர்தான் தெரியும்" என்பார்.

மருத்துவமனையில் கடைசி வாரம் பேச்சு குழறிவிட்டது. அப்போதும் ஒருநாள் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். சாயங்காலம் படம் போடுகிறார்களாம், தொலைபேசி பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமாம். போய் உட்கார்ந்திருந்தேன் தம்பி. மணி அடிக்கவில்லை.

பதில் போடுங்கள்.

அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

முழுவதுமாக இல்லை, அரைகுறையாகவும் இல்லை. அந்தப் படம் வந்தால் தொலைக்காட்சியை அணைத்துவிடுவேன். கடையில் ஓடிக்கொண்டிருந்தால் கடையை விட்டு வெளியேறிவிடுவேன். ஒருமுறை முகச்சவரம் பாதியில் இருக்கும்போது எழுந்து வந்திருக்கிறேன். முடிதிருத்துபவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

படம் வெளியான அன்று உங்கள் கணவர் இரண்டு டிக்கெட் அனுப்பினார், எனக்கும் அப்பாவுக்கும். நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியைச் சுவரொட்டியில் பார்த்தபோதே யாரைக் காட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னுடையதை நான்காகக் கிழித்துத் திருப்பி அனுப்பினேன். பிறகு கேசட் வந்தது, அப்புறம் குறுந்தகடு வந்தது. உறையைப் பிரிக்காமலே எல்லாவற்றையும் அனுப்பிவைத்தேன். அதற்கான தபால் செலவு என்னுடையது.

தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்கிறீர்கள். எதற்காக? படம் நன்றாக இருந்தது என்று நான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமா? நாடு முழுவதும் கை தட்டியது போதவில்லையா, வீட்டில் ஒரு ஆள் தட்டவில்லை என்பதுதான் அவருடைய வருத்தமா? நடிகர்கள் அப்படித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நீங்கள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. அது அவர் உங்களுக்குச் செய்த அநியாயம். என் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம். அப்பாவின் படம் அந்த மலரில் வரக் கூடாது. கேலிச் சித்திரத்தின் பக்கத்தில் வைத்து அசலைக் காட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

இப்படிக்கு,
அவர் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

உங்கள் அண்ணனுக்கும் மாமாவுக்கும் நான் கொடுத்த வாக்கை இன்று மீறுகிறேன். இருவரும் இல்லை. கேட்க ஆள் இல்லாதபோது வாக்கு எதற்கு.

உறைக்குள் ஒரு பழைய தாள் இருக்கிறது. முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள், பிறகு இதைப் படியுங்கள்.

அது உங்கள் கையெழுத்துதானே? "ஓய்வூதிய அலுவலரின் மேலான கவனத்திற்கு. அறுபத்தோரு வயது முதியவர் ஒருவரை ஒரே ஒரு கையெழுத்துக்காக நான்கு நாட்களாகப் பக்கத்து ஊரிலிருந்து அலையவிடும் தங்கள் அலுவலகத்தின் மனிதாபிமானத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்று இயற்பியல் படித்த எனக்கே தெரியவில்லை..." இரண்டு பக்கம் எழுதி, மாமாவிடமே கொடுத்து அலுவலகத்தில் நேரில் கொடுக்கச் சொன்னீர்கள். மேலே தேதி இருக்கிறது.

மாமா ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போகவில்லை தம்பி. பக்கத்து ஊரில் கைவிட்டுப்போன பணிமனை ஒன்றில் பேருந்து நிலையம் மாதிரி செட் போட்டிருந்தார்கள். ஆறு நாளும் மாமா அங்கேதான் இருந்தார்.

உங்கள் அண்ணன் கூப்பிடவில்லை. "உங்களை மாதிரி பண்ணப்போறேன்பா, பண்ணலாமா" என்று கேட்க மட்டும்தான் ஆள் அனுப்பினார். மறுநாள் காலை மாமாவே முதல் பேருந்தில் வந்து இறங்கிவிட்டார். "நீ பாட்டுக்கு எதையாவது பண்ணி வச்சிடுவே. நான் கூட இருக்கேன்" என்றார். நானும் அங்கே இருந்தேன். நாற்காலி போட்டுக் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டைரக்டரைவிட அவர்தான் அதிகம் கட் சொன்னார். "நான் எப்போடா கண்ணாடியை இவ்வளவு வேகமாத் தூக்கினேன்? வந்தவங்க பயந்துடுவாங்க. மெதுவா." "பென்சில் ரெண்டு தட்டு. மூணு தட்டினா கோபமா இருக்கேன்னு அர்த்தம். நீயும் சின்னவனும் மார்க் கம்மியா வாங்கிட்டு வந்தாத்தான் மூணு."

உங்கள் மனுவை ஐந்தாம் நாள் கொண்டுவந்தார். மதிய இடைவேளையில் உங்கள் அண்ணனை விட்டு எல்லாருக்கும் வாசிக்கச் சொன்னார். "இதைப் படிச்சா அந்த ஆபீசர் வேலையை விட்டே ஓடிடுவான். பாவம், புள்ளைகுட்டிக்காரன், வேணாம்" என்றார். சிரித்தாலும் அவர் முகத்தில் பெருமைதான். தாளை மடித்து உங்கள் அண்ணனிடம் கொடுத்தார். போன மாதம் வரை அது இவருடைய சட்டைப் பையிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து சட்டைப் பைக்கும் போய்க்கொண்டிருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து நான்தான் கண்ணாடி டேப் ஒட்டினேன்.

கடைசி நாள் மாமா சொன்னது இது: "சின்னவன்கிட்ட யாரும் சொல்லாதீங்க. அவன் படிச்சவன். வயசான காலத்துல அப்பன் கூத்துக்குப் போனான்னு கூசிப்போவான். படம் பாக்கும்போது அவனா தெரிஞ்சுக்கட்டும்." பார்த்தால் எப்படித் தெரியும் என்று நான் எழுத மாட்டேன். அதைப் பார்ப்பது உங்கள் வேலை.

ஜன்னல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வீட்டில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் ஜன்னலைச் சாத்தினார். நீங்கள் கல்லூரிக்குக் கிளம்பிய பிறகு திறந்துவைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் பேருந்து நேரம் சொல்வாராம். எனக்குப் போன் போட்டு, "இன்னிக்கு ஏழு பேரும்மா" என்பார். தெருவில் இறங்காததற்குக் காரணம் படி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மருத்துவரிடம் உங்கள் அண்ணன்தான் கூட்டிப்போனார். அதையும் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார் மாமா, ஆய்வேடு முடியட்டும் என்று.

சாவு வீட்டில் நீங்கள் கேட்டபோது நான் வாயெடுத்தேன். உங்கள் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அன்றிரவு கேட்டேன், ஏன் தடுத்தீர்கள் என்று. "ஒரே வீட்டுல இருந்துகிட்டு அப்பாவுக்கு மூச்சு வாங்குறதைப் பாக்கலேன்னு அவனுக்கு இன்னிக்கே தெரியணுமா? என் மேலயே கோபமா இருந்துட்டுப் போகட்டும், அது தாங்கும்" என்றார்.

தாங்கியது என்று நான் சொல்ல மாட்டேன். தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தவள் நான்.

உங்கள் பக்கத்தை அச்சகத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி வரைக்கும்.

அண்ணி


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணி,

இருபத்தைந்தாம் தேதிக்குள் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. மன்னிக்க வேண்டும். மலரை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் மேலே "தம்பி" என்று போட்டு, கீழே வெற்றிடமாக விட்டிருக்கிறீர்கள். அதைவிட நன்றாக நான் எழுதியிருக்க முடியாது.

மலரைக் கடையில் வாங்கவில்லை. முப்பதாம் தேதி கூடத்து வாசலில் வாங்கினேன். நான் வந்திருந்தேன். கடைசி வரிசை, ஓர நாற்காலி. முன்வரிசையில் உங்களையும் மேக்கப்காரரையும் பார்த்தேன். அவர் மீசை ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் சொன்ன யோசனைதான் என்று புரிந்தது.

மன்னிப்புக் கேட்க வரவில்லை அண்ணி. சரிபார்க்கத்தான் வந்தேன். மனு என் கையெழுத்து, தேதியும் சரி. ஆனாலும் கண்ணால் பார்க்காததை ஒப்புக்கொள்ளாதே என்று இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். பார்க்காத படத்துக்குத் தீர்ப்பு எழுதிப் பத்தொன்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தவனும் நான்தான்.

விளக்கை அணைத்தார்கள். அண்ணன் ஜன்னலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்ததும் கூடமே சிரித்தது. அது கேலியா என்று உன்னிப்பாகக் கேட்டேன். கேலி எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்டே வயதானவன். அது கேலி இல்லை. ஊரிலிருந்து வந்த மாமனைப் பார்த்ததும் பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பு.

நாற்பதாவது நிமிடம் இருக்கும். ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்து கேட்கிறாள். அவளுக்குப் பின்னால் பயணிகள் உட்காரும் பெஞ்ச். அதன் ஓரத்தில் மடியில் ரெக்சின் பையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீலக் கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையை அன்று காலையில் நான்தான் தேய்த்துக் கொடுத்தேன் அண்ணி. அலுவலகத்துக்குப் போகிறவர் கசங்கலாகப் போகக் கூடாது என்று காலரைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். திரையில் காலர் விறைப்பாக நிற்கிறது.

முகத்தில் பவுடர் கொஞ்சம் அதிகம். மேக்கப்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறான், மெதுவாக. கடிகாரத்தைப் பார்க்கிறான். பென்சிலை எடுத்துவிட்டு ஒரு நொடி தயங்குகிறான். வசனம் மறந்துவிட்டது என்று யாரும் நினைப்பார்கள். பெஞ்சில் இருப்பவருக்குப் பொறுக்கவில்லை. பை மேல் இருந்த விரல் இரண்டு தட்டு தட்டுகிறது. அண்ணன் பார்வை அவளைத் தாண்டி அங்கே போய் வருகிறது. பிறகு அவனும் தட்டுகிறான். "நாலு இருபது. போயிடலாம், நேரம் இருக்கு." பெஞ்சில் இருப்பவர் தலையை ஆட்டிக்கொள்கிறார், மகன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட மாதிரி.

மொத்தம் பதினோரு நொடி. அப்பா அசைவதும் மூச்சு விடுவதும் உலகத்தில் அந்தப் பதினோரு நொடிதான் இருக்கிறது. எத்தனை முறை அதை உறை பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கூட்டம் கை தட்டியது. நான் வெளியே வந்துவிட்டேன். மீதிப் படத்தை மறுநாள் குறுந்தகடு வாங்கி வீட்டில் பார்த்தேன். உண்மையைச் சொல்வதானால் இரண்டாம் பாதி இழுவை. அண்ணனிடம் அதைச் சொல்லியிருப்பேன். அவனும் ஒப்புக்கொண்டிருப்பான். அதில் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்போம்.

அவன் சொன்னது சரிதான். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு நான் பார்க்கவில்லை. மூச்சு வாங்குவதை நான் கேட்டிருக்கிறேன் அண்ணி, இப்போது நினைவு வருகிறது. மேசையிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கோபத்தை அவன் தலையில் இறக்கி வைக்க இடம் கொடுத்தான், தெரிந்தே கொடுத்தான். இவ்வளவு காலம் தூக்கிக்கொண்டிருந்தது நான் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவின் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். மலருக்குப் பயன்படாது. உங்கள் கூடத்தில் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அந்தப் பழைய மனுவை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் மறுபடியும் அந்தப் படம் என்று பத்திரிகையில் பார்த்தேன். முடிய நாலே முக்கால் ஆகும். முடிந்ததும் உங்கள் கூடத்துத் தொலைபேசி அடிக்கும். அவன் நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டு வையுங்கள். நீங்கள் எடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.

உங்கள்,
சின்னவன்